ஃபிளாஷ் போட்டால் நெட்வொர்க் லாக் போய்விடுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், தான் பயன்படுத்திய சாம்சங் கேலக்ஸி எஸ்21 போனை ஊருக்கு வந்தபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே ஏடி அண்ட் டி நிறுவனத்தில் வாங்கியது. இங்கே ஏர்டெல் சிம் போட்டால் நெட்வொர்க் அன்லாக் பின் கேட்கிறது. தர்மபுரியில் ஒரு கடையில், "சாஃப்ட்வேர் போட்டால் லாக் போய்விடும், 2,500 ரூபாய்" என்கிறார்கள். சித்தப்பா மகன் இந்திய எஸ்21 சாஃப்ட்வேரை இறக்கி, ஓடின் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் மூலம் போனில் போட்டுப் பார்த்தான். சிவப்பில் ஃபெயில் என்று வந்தது. நல்லவேளை, போன் இன்னும் ஆன் ஆகிறது. இன்னொன்று, அம்மாவின் கேலக்ஸி எம்31 ஒரு அப்டேட்டுக்குப் பிறகு லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. போட்டோக்கள் போகாமல் அதைச் சரிசெய்ய முடியுமா? ஜியோவுக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது.
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: இரண்டு போனுக்கும் ஒரே வைத்தியத்தை யோசித்திருக்கிறீர்கள். ஃபிளாஷ், அதாவது போனின் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றுவது, தேவைப்படலாம் என்றால் அது அம்மாவின் எம்31க்குத்தான். எஸ்21ஐ எத்தனை தடவை ஃபிளாஷ் செய்தாலும் நெட்வொர்க் லாக் அப்படியேதான் இருக்கும். அந்த 2,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

ஃபிளாஷ் போடும்போது மாறுவது ஆண்ட்ராய்டு, போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர், நெட்வொர்க்கோடு பேசும் மோடம் சாஃப்ட்வேர் ஆகியவைதான். இந்தப் போன் எந்த நிறுவனத்தின் சிம்மை ஏற்க வேண்டும் என்ற பதிவு இவற்றில் இல்லை. அது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணோடு பிணைத்து, பாதுகாக்கப்பட்ட தனி இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஃபிளாஷில் ஏற்றும் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர் ஃபைல் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. பிறகு ஏன் ஊரெல்லாம் "சாஃப்ட்வேர் போட்டால் லாக் போகும்" என்கிறார்கள் என்றால், அது ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தது. நோக்கியா பட்டன் போன்களை 'பாக்ஸ்' என்ற கருவியில் மாட்டி லாக் எடுத்தார்கள். 2010இல் வந்த முதல் கேலக்ஸி எஸ் போனில் அன்லாக் கோடையே உள்ளே இருந்த ஒரு ஃபைலில் இருந்து படித்துவிட முடிந்தது. அந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துப் பல வருடம் ஆகிறது. இன்று கடைக்காரர் பெரும்பாலும் செய்வது, இணையத்தில் அன்லாக் கோடு விற்கும் ஆட்களிடம் காசு கொடுத்து வாங்குவதுதான். அதையேதான் அவரும் "சாஃப்ட்வேர் வேலை" என்று சொல்கிறார். வந்தால் உங்களிடம் காசு, வராவிட்டால் "இந்த மாடலுக்கு சப்போர்ட் இல்லை" என்று போன் திரும்பி வரும்.

சித்தப்பா மகனுக்கு ஃபெயில் வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விற்ற எஸ்21இல் இருப்பது எக்ஸினோஸ் 2100 சிப். மாடல் எண் 991க்குப் பின்னால் 'பி' என்று முடியும். அமெரிக்காவில் விற்றதில் ஸ்னாப்டிராகன் 888. அது 'யு' என்று முடியும். பெயர் ஒன்று, வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே வேறு போன். பூட்லோடர் ஃபைலைப் பார்த்ததும் எனக்கானது இல்லை என்று மறுத்துவிட்டது. எழுதுவதற்கு முன்பே மறுத்ததால்தான் போன் பிழைத்தது. அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று வேறு ஓடின் வெர்ஷன் தேடி இறங்க வேண்டாம்.

சரியான வழி இலவசம். கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும். முதலில் *#06# டயல் செய்து 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மச்சானுக்கு அதை அனுப்பி இரண்டு விஷயம் கேளுங்கள்: போனுக்கான தவணை முழுதும் கட்டி முடிந்ததா, அவர் பெயரில் பாக்கி ஏதாவது நிற்கிறதா? அமெரிக்காவில் 36 மாதத் தவணையில் போன் வாங்குவது சாதாரணம். ஊருக்கு வரும்போது தவணை ஓடிக்கொண்டிருக்கும் போனையே கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கடைசித் தவணை கட்டும் வரை அதற்குக் கோடு கிடைக்காது. தவணை முடிந்து, அந்த நெட்வொர்க்கில் குறைந்தது 60 நாள் பயன்படுத்தி, திருட்டுப் புகார் எதுவும் இல்லை என்றால் ஏடி அண்ட் டி வலைத்தளத்தில் டிவைஸ் அன்லாக் பக்கத்தில் விண்ணப்பிக்கலாம். இப்போது அவர்களின் வாடிக்கையாளராக இல்லாதவரும் ஐஎம்இஐ எண்ணை மட்டும் வைத்து விண்ணப்பிக்க இடம் இருக்கிறது. ஆனாலும் மச்சான் அங்கிருந்தே செய்வதுதான் எளிது. அவர் ப்ரீபெய்டில் இருந்தவர் என்றால் 60 நாள் என்பது 6 மாதச் சேவை ஆகிவிடும்.

விண்ணப்பித்ததும் ஒரு மெயில் வரும். அதில் உள்ள லிங்க்கை 24 மணி நேரத்துக்குள் அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். விட்டால் விண்ணப்பம் ரத்து. பல பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். மெயில் ஸ்பாம் ஃபோல்டரில் கிடக்கும், இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். உறுதிசெய்த பிறகு பொதுவாக இரண்டு வேலை நாளில் பதில் வந்துவிடும். மறுத்தால் காரணம் சொல்லித்தான் மறுப்பார்கள். பெரும்பாலும் தவணை பாக்கியாக இருக்கும்.

கோடு வந்ததும் போனை அணைத்து, ஏர்டெல் சிம்மைப் போட்டு ஆன் செய்யுங்கள். பின் கேட்கும் கட்டத்தில் கோடை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து அடியுங்கள். அனுமானத்தில் எதையும் அடிக்கக் கூடாது. நெட்டில் கிடைக்கும் "எல்லா சாம்சங்குக்கும் பொதுவான கோடு" என்பதையும் தொட வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது. தவறான முயற்சிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. அது தீர்ந்தால் போன் உறைந்துவிடும். பிறகு சரியான கோடை அடித்தாலும் ஏற்காது, உறைநிலையை எடுக்க இன்னொரு கோடு வேண்டும். இதுவரை கடையிலோ வீட்டிலோ யாராவது எதையாவது அடித்துப் பார்த்திருந்தால் அதையும் மச்சானிடம் சொல்லிவிடுங்கள். கோடு கேட்கும்போது உறைநிலைக் கோடையும் சேர்த்துக் கேட்கலாம்.

போனில் மச்சானின் கூகுள் கணக்கு இன்னும் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் பாருங்கள். இருந்தால், போன் திறந்திருக்கும்போதே அதை நீக்குங்கள். நீக்காமல் ரீசெட் செய்தால் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். டெக்சாஸ் நேரம் நமக்குக் கோடையில் பத்தரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரமும் பின்னால். நீங்கள் மதியம் உட்கார்ந்து ஓடிபி கேட்டால் அவர் நடுராத்திரியில் எழுந்து சொல்ல வேண்டும். இந்தப் பாஸ்வேர்ட் லாக் நெட்வொர்க் லாக்கும் இல்லை. கூகுள் கணக்கு லாக் வேறு, பைனான்ஸில் எடுத்த போனுக்குத் தவணை கட்டாதபோது விழும் லாக் வேறு, பூட்லோடர் லாக் வேறு. கடையில் எல்லாவற்றுக்கும் "லாக்" என்று ஒரே பெயர் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். பைனான்ஸ் லாக் விழுந்த போனைத் தவணை கட்டித்தான் மீட்க வேண்டும். சாம்சங்கில் சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கான டவுன்லோட் மோட் திரையில் கேஜி ஸ்டேட்டஸ் என்ற வரியில் 'லாக்டு' என்று அது தெரிந்துவிடும், ஃபிளாஷ் அதையும் அசைக்காது.

லாக் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜியோவுக்கு மாறுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் அமெரிக்க போன்கள் காலை வாரும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. கால் பேச வேண்டுமென்றால் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, வேலை செய்தே ஆக வேண்டும். வோல்ட்டி என்பது சிம்மும் டவரும் மட்டும் சேர்ந்து நடத்துவது இல்லை; அந்தந்த நெட்வொர்க்குக்கான அமைப்பு போனின் ஃபர்ம்வேரில் இருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனத்தின் ஃபர்ம்வேரில் அந்த ஊர் நெட்வொர்க்குகளுக்கானது இருக்கும், நம் ஊருக்கானது இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே நெட் பறக்கும், வாட்ஸ்ஆப் கால் போகும், சாதாரண கால் மட்டும் போகாது, வராது. லாக் சரியாகத் திறக்கவில்லை என்று நினைத்து மறுபடி கடைக்கு ஓடுவார்கள்.

ஏர்டெலில் 2ஜி இன்னும் இருப்பதால் வோல்ட்டி இல்லாவிட்டாலும் கால் போகும். எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க, வைஃபையை அணைத்துவிட்டு ஒருவருக்குக் கால் செய்யுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே சிக்னல் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். 4ஜி அல்லது 5ஜி குறி அப்படியே நின்றால் வோல்ட்டி வேலை செய்கிறது. பேசும்போது மட்டும் அது 'ஜி' அல்லது 'இ' என்று இறங்கினால் கால் 2ஜியில் போகிறது. அப்படி இறங்கினால் ஜியோவுக்கு போர்ட் செய்யாதீர்கள். வீட்டில் யாருடைய ஜியோ சிம்மையாவது பத்து நிமிடம் இரவல் வாங்கிப் போட்டு, ஒரு கால் செய்து, ஒரு கால் வாங்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். போர்ட் ஆகிவிட்டால் உடனே திரும்பி வர முடியாது.

அமெரிக்காவிலேயே லாக் இல்லாமல் விற்ற எஸ்21க்கு 'யு1' என்று முடியும் ஃபர்ம்வேர் உண்டு. சிப் ஒன்றுதான் என்பதால் அதை உங்கள் போனில் ஏற்ற முடியும். நிறுவனம் திணித்த ஆப்கள் போகும். ஆனால் அதிலும் நெட்வொர்க் லாக் போகாது, இந்திய வோல்ட்டி வரும் என்ற உத்தரவாதமும் இல்லை, சாதாரண ஓடினும் மாடல் பொருந்தவில்லை என்று மறுக்கும். ஏர்டெலில் நன்றாக வேலை செய்கிற போனுக்கு இந்த வேலை தேவையில்லை என்பது என் கருத்து. இந்த அமெரிக்க ஸ்னாப்டிராகன் மாடல்களில் பூட்லோடரைத் திறக்க முடியாது. ஆகவே வெளியாட்கள் உருவாக்கிய ஆண்ட்ராய்டான கஸ்டம் ராம் போடும் பேச்சுக்கே இடமில்லை.

ஐபோன் வாங்குகிறவர்களுக்கும் இடையில் ஒரு வார்த்தை. ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய் எஸ்.பி. ரோடு பக்கம் பழைய ஐபோன் வாங்கி வருகிறவர்கள் பலர். "ஃபாரின் பீஸ், சிப்போட வேலை செய்யும்" என்றால் அது லாக் ஆன போன். சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் ஒன்றை ஒட்டி ஏமாற்றி ஓட்டுகிறார்கள். ஒரு ஐஓஎஸ் அப்டேட்டில் நின்றுவிடலாம். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் கேரியர் லாக் என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் மட்டும் காசு கொடுங்கள். அமெரிக்க ஐபோன் 14 முதல் சிம் ட்ரேயே கிடையாது, இ-சிம் மட்டும்தான். அதையும் தெரிந்து வாங்குங்கள். எந்தப் பழைய போனாக இருந்தாலும் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஐஎம்இஐ எண் என்று அடித்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முடக்கப்பட்டதா, அதே எண்ணில் வேறு போனும் ஓடுகிறதா என்று பதில் வரும். ஐஎம்இஐயையே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இனி அம்மாவின் எம்31. அப்டேட்டுக்குப் பிறகு லோகோவில் சுற்றும் போனுக்கு நேராக ஃபிளாஷ் வேண்டாம். முதலில் ரிகவரி மோட் என்ற பழுதுபார்க்கும் திரை. போனை டேட்டா கேபிளால் கம்ப்யூட்டரில் சொருகி, வால்யூம் டவுன், பவர் இரண்டையும் பத்து நொடிவரை அழுத்திப் பிடியுங்கள். திரை கறுத்த அந்த நொடியே வால்யூம் அப், பவருக்கு விரலை மாற்றுங்கள். ரிகவரி திரை வந்ததும் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்யுங்கள். இதில் போட்டோ எதுவும் போகாது. அதற்குப் பக்கத்திலேயே 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்' இருக்கும். விரல் தவறினால் எல்லாம் போய்விடும், வால்யூம் பட்டனை நிதானமாக நகர்த்துங்கள். 'ரிப்பேர் ஆப்ஸ்' என்ற வரி இருந்தால் அதையும் ஒரு தடவை ஓட்டலாம். கணிசமான போன்கள் இந்த இடத்திலேயே எழுந்துவிடும்.

எழவில்லை என்றால், ரிகவரி திரையின் மேல் பகுதியில் இருக்கும் பில்டு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிற்கும் குறிதான் முக்கியம். கடைகளில் 'பிட்' என்று சொல்வது அதைத்தான். நீங்கள் ஏற்றப்போகும் ஃபர்ம்வேரில் அந்தக் குறி அதே அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் போன் திரையில் 'எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்' என்று வந்து நிற்கும். சாம்சங் பழைய பூட்லோடருக்குத் திரும்ப விடாது. இந்தியாவுக்கான குறியீடு ஐஎன்எஸ். சாம்சங் சர்வரிலிருந்தே நேராக இறக்கும் ஃப்ரிஜா போன்ற கருவியில் மாடல் எண், ஐஎன்எஸ், ஐஎம்இஐ கொடுத்து இறக்குங்கள். ஜிபி கணக்கில் பெரிய ஃபைல். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பாதியில் அறுந்து உடைந்த ஜிப் ஃபைல் வருவதும் ஃபெயிலுக்கு ஒரு காரணம்.

விரித்தால் ஐந்து ஃபைல் இருக்கும். பிஎல், ஏபி, சிபி மூன்றையும் ஓடினில் அதே பெயருள்ள கட்டங்களில் வையுங்கள். மீதி இரண்டில் எதை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அம்மாவின் போட்டோக்கள் பிழைக்கும்: 'சிஎஸ்சி' என்று தொடங்குவது எல்லாவற்றையும் துடைத்துவிடும், 'ஹோம் சிஎஸ்சி' என்று தொடங்குவது தகவல்களை வைத்துக்கொள்ளும். சிஎஸ்சி கட்டத்தில் ஹோம் சிஎஸ்சியைத்தான் வைக்க வேண்டும். ஏபி ஃபைலைச் சேர்த்ததும் ஓடின் சில நிமிடம் செத்தது போல நிற்கும், 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றுகூடக் காட்டும். ஃபைலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது, மூடிவிடாதீர்கள். ஆப்ஷன்ஸில் ஆட்டோ ரீபூட்டும் எஃப் ரீசெட் டைமும் மட்டும் டிக் ஆகியிருக்க வேண்டும். ரீ-பார்ட்டிஷனைத் தொடக் கூடாது.

பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். சுற்றிக்கொண்டே இருக்கும் போன் சார்ஜைத் தின்றுவிடும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். மழை நாளில் கரண்ட் போய்ப் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. லேப்டாப் நல்லது. சாம்சங் யுஎஸ்பி டிரைவர் ஏற்றியிருக்க வேண்டும், கேபிள் நேராக லேப்டாப்பில், இடையில் ஹப் கூடாது. சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிளில் ஓடின் போனையே பார்க்காது. டவுன்லோட் மோடுக்கு, முன்பு போலவே ரீஸ்டார்ட் செய்து திரை கறுத்ததும் வால்யூம் அப், டவுன் இரண்டையும் பிடித்தபடி கேபிளைச் சொருகுங்கள். எச்சரிக்கைத் திரையில் வால்யூம் அப் ஒரு தடவை. ஓடினில் காம் கட்டம் நிறம் மாறினால் ஸ்டார்ட் அழுத்தலாம். பச்சையில் பாஸ் வந்த பிறகு முதல் ஆன் ஆக பத்து நிமிடம் வரை எடுக்கும். அவசரப்பட்டு பவரை அழுத்தாதீர்கள்.

பாதியில் அறுந்து, நீலப் பின்னணியில் ஸ்மார்ட் ஸ்விட்ச் எமர்ஜென்சி ரிகவரி என்று ஒரு திரை வந்தால் பயப்பட வேண்டாம், அந்தத் திரையிலிருந்தே ஓடினில் மறுபடி ஏற்றலாம். கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் 'ரைட் ஆபரேஷன் ஃபெயில்டு' என்று நின்றால், கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை, மெமரி சிப்பில். அதற்கு மேல் ஃபிளாஷ் செய்யச் செய்ய போட்டோக்கள் கிடைக்கும் வாய்ப்பு குறையும். அந்தச் சிப்பைக் கழற்றி வேறு போர்டில் வைத்தாலும் போட்டோ வராது. தகவல்கள் அந்தப் போனின் ப்ராசஸரோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. போர்டு மாற்றிக் கொடுப்பவர்கள் போனைத் தருவார்கள், போட்டோவைத் தர மாட்டார்கள்.

ஹோம் சிஎஸ்சி போட்டு பாஸ் வந்தும் லோகோவிலேயே சுற்றினால், மிச்சம் இருப்பது முழுத் துடைப்பு ஒன்றுதான். அதற்கு முன் அம்மாவின் கூகுள் போட்டோஸ் பேக்கப் ஆகியிருக்கிறதா என்று வேறு போனில் அவருடைய ஜிமெயிலில் நுழைந்து பாருங்கள். பெரியவர்களின் ஜிமெயிலை போன் வாங்கிய அன்று கடைப்பையனே உருவாக்கியிருப்பான். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. துடைத்த பிறகு அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டுத்தான் போன் திறக்கும். அந்தக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்த மொபைல் எண் இன்னும் அம்மாவிடம் இருந்தால் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' மூலம் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், துடைப்பது அதற்குப் பிறகு.